எத்தனை வருஷம் உழைக்கும்

கடைக்கு வர்றவங்க எல்லாரும் விலையைத்தான் முதல்ல கேப்பாங்கன்னு வெளியில நினைக்கிறாங்க, தம்பி. அப்படி இல்ல. கையில காசு கம்மியா இருக்கிறவன் முதல்ல கேக்குறது, "இது எத்தனை வருஷம் உழைக்கும்?" இருபத்தாறு வருஷமா ஹோபார்ட் கடைக் கவுன்ட்டர்ல நின்னு துப்பாக்கி விக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேக்காம எவனும் பர்ஸைத் திறந்ததில்ல. ஒருத்தனைத் தவிர.

உங்கப்பாவே கேட்டிருக்காரு. அவரோட முதல் மான் துப்பாக்கி நான் எடுத்துக் குடுத்ததுதான். இன்னும் வெச்சிருக்காரா? வெச்சிருப்பாரு. என் கையால ஒரு ஏழைக்கு மட்டமான சாமான் போனதில்ல. இந்தக் கவுன்ட்டியில யாரை வேணும்னாலும் கேளுங்க.

நீங்க என்னைப் போலீஸ் ஆபீஸுக்குக் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு. டெல்மர் டட்டிலோட தங்கச்சி நோரீன் புகார் குடுத்திருக்கா. செத்துப்போன அண்ணனோட அஞ்சு துப்பாக்கியை நான் என் வீட்டு பீரோவுல மறைச்சு வெச்சிருந்தேன்னு. உண்மைதான். வெச்சிருந்தேன். அதுக்கு ஒரு வரியில பதில் எழுதிக் குடுத்துட்டுப் போயிரலாம். ஆனா அதோட நிறுத்தினா பாதிதான் சொன்ன மாதிரி ஆகும். அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

டெல்மரும் நானும் ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து ஒண்ணா. சர்க்கரை ஆலையில டீசல் மெக்கானிக்கா இருந்தான். கூடவே பத்திருபது மாடு. கஞ்சன்னா அப்படி ஒரு கஞ்சன். ஒரு பாக்கெட் கத்தி வாங்க மூணு சனிக்கிழமை வந்து நின்னவன். திறப்பான், மூடுவான், மோந்து பாப்பான். "டேய், கத்தியை வாங்குறியா, கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"ன்னு முதலாளி ஹோபார்ட் கேப்பாரு. "கல்யாணத்துக்கு இவ்வளவு யோசிக்கல, அதான் இதுக்கு யோசிக்கிறேன்"னு அவன் சொல்லுவான். அவன் பொண்டாட்டி ஐயோன் பக்கத்துலயே நிப்பா, முதுகுல ஒண்ணு வெப்பா.

போன வருஷம் இலையுதிர் காலத்துல ஐயோன் செத்துப் போனா. புத்துநோய். அதுக்கப்புறம் அவன் சரியா சாப்பிடல. ஆலைக்குப் போனான், வந்தான், அவ்வளவுதான். மார்ச் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, சர்ச் விட்டு வந்த கையோட என் வீட்டு வாசல்ல அவன் பிக்கப் வண்டி வந்து நின்னுச்சு. பின்னாடி ஒரு கம்பளியில அஞ்சு துப்பாக்கி.

"இதையெல்லாம் உன் பீரோவுல வை, ஆர்வில்"னான்.

"எவ்வளவு நாளைக்குடா?"

"ஒரு வருஷம். நடுவுல நானே வந்து கேட்டாலும் குடுக்காத. கெஞ்சினாலும் குடுக்காத."

நான் ஏன்னு கேக்கல. எங்க பக்கம் அப்படிக் கேக்க மாட்டாங்க. ஒருத்தன் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து கூட்டாளி வீட்டுல குடுக்குறான்னா என்ன அர்த்தம்னு கேக்குறவனுக்கும் தெரியும், குடுக்குறவனுக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். கடையில ரிப்பேருக்கு வாங்குறப்ப பண்ற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை எழுதி, நடுவுல கிழிச்சு, பாதியைத் துப்பாக்கியில கட்டி, பாதியை அவன் கையில குடுத்தேன். கை குலுக்கினோம். காப்பி குடிச்சோம். மழை வர்ற மாதிரி இருக்குன்னு பேசினோம்.

கை குலுக்கிக் குடுத்த அந்த வாக்கை நான் மீறவே இல்ல. இதை மட்டும் தனியா எழுதிக்கங்க. டெல்மர் குடுத்த அஞ்சுல ஒண்ணைக்கூட நான் அவன் கையில திருப்பிக் குடுக்கல.

அந்த அஞ்சுல நாலு சாதாரணம். ஒண்ணு மட்டும் அவங்கப்பா வெச்சிருந்த பழைய லீவர் துப்பாக்கி. நீங்க பாத்தீங்களே, வால்நட் கட்டை, பிடிக்கிற இடத்துல கை பட்டுப் பட்டுக் கருத்துப் போயிருக்கும். பத்தொம்பது வயசுல ஒரு சீசனுக்கு டெல்மர் அதை எனக்கு இரவல் குடுத்தான். விசைக்கு அடியில இருக்கிற அந்த லீவரைக் கீழ இறக்கி மேல ஏத்துறப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்கு மேல ஒரு சாமானை மனுஷன் செய்ய முடியாது. அன்னைக்கு மனசுல விழுந்தது முப்பத்தஞ்சு வருஷமா எந்திரிக்கல. மார்ச்ல இருந்து ஞாயித்துக்கிழமைதோறும் அதை வெளிய எடுத்து எண்ணெய் போட்டேன். மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். சந்தோஷமா இருந்தேன். மறைக்க என்ன இருக்கு?

ஜூன் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில பத்து மணி இருக்கும். ஹோபார்ட் ஏலத்துக்குப் போயிருந்தாரு. நான் மட்டும் கடையில. டெல்மர் வந்தான். சட்டை நல்லா துவைச்சுப் போட்டிருந்தான். முகம் மட்டும் வத்திக் கிடந்துச்சு.

"ஒரு ரைபிள் வேணும்டா. அந்தப் பட்டாள மாடல்ல ஒண்ணு. அறுநூறு டாலர் இருக்கு. கொயோட்டி நரி கன்னுக்குட்டிகளைத் தொந்தரவு பண்ணுது."

நான் நல்லா எடுத்துக் காட்டினேன். அதுல குறை வைக்கல. அந்த விலைக்குள்ள மூணு இருந்துச்சு. ஒவ்வொரு தடவை விசையை இழுக்கிறப்பவும் ஒரு தோட்டா போற வகை, மூணும் ஒரே மாதிரிதான் இருக்கும் பாக்க. முதல்ல ஒண்ணு, ஆள் மயக்கி. மேல கீழ கம்பியும் கைப்பிடியுமா தொங்கும், உள்ள திறந்து பாத்தா திருகை ஒழுங்கா அடிச்சு இறுக்கியிருக்க மாட்டாங்க. நாலு நாள்ல ஆடும். அடுத்தது கம்பெனிப் பேருக்காகவே காசு வாங்குறது. மூணாவது ஒரு சின்னப் பட்டறை செய்றது. பாக்க ஒண்ணுமில்ல, கரிக்கட்டை மாதிரி இருக்கும். ஆனா பேரல் நல்லது, போல்ட்டை ஒண்ணொண்ணாச் சோதிச்சு அனுப்புறாங்க. தோட்டா சிக்கவே சிக்காது. அதை அடைக்கிற மேகசின் டப்பா ஒண்ணும் கூடவே வரும். காசு கம்மியா இருக்கிறவன் ஜோடனைக்குக் குடுக்கக் கூடாது, உள்ளே இருக்கிற இரும்புக்குக் குடுக்கணும். இதை நான் எல்லாருக்கும் சொல்றதுதான், அவனுக்கும் சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன்.

அவன் ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தான். "நீயே ஒண்ணை எடுத்துக் குடு, ஆர்வில். எதுன்னாலும் சரி"னான்.

பாக்கெட் கத்திக்கு மூணு சனிக்கிழமை வந்தவன், தம்பி.

எங்க கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு அட்டை தொங்கும், கவுன்ட்டி ஆஸ்பத்திரி நர்ஸ் கொண்டுவந்து மாட்டினது. வாங்க வர்றவன் தன் உயிரை மாய்ச்சுக்குவான்னு சந்தேகம்னா விக்காதீங்க, பேசி உக்கார வைங்க, இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்கன்னு எழுதியிருக்கும். அதுக்கு ஒரு நாள் வகுப்பும் வெச்சாங்க. நான் முதல் வரிசையில உக்காந்தேன். டோனட்டு நல்லா இருந்துச்சு. அந்தம்மா நாலு அடையாளம் சொன்னாங்க. எதுன்னாலும் சரிம்பான். பேரம் பேச மாட்டான். எப்படித் துடைக்கிறது, எப்படிப் பாத்துக்கிறதுன்னு கேக்க மாட்டான். தோட்டா இருக்கிறதுலயே சின்னப் பெட்டியா வாங்குவான். எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. இன்னைக்கும் வரிசையாச் சொல்லுவேன்.

டெல்மர் நாலையும் செஞ்சான். அஞ்சாவதா, எத்தனை வருஷம் உழைக்கும்னு கேக்கல. அது நானாக் கண்டுபிடிச்ச அடையாளம். அந்தம்மாவுக்கே தெரியாது.

கன்னுக்குட்டி எல்லாத்தையும் அவன் ஏப்ரல்லயே நோரீன் புருஷனுக்கு வித்துட்டான். அதுவும் எனக்குத் தெரியும். டிரக்ல ஏத்தக் கூட நின்னவனே நான்தான்.

அரசாங்க ஃபாரத்தை நீட்டினேன். ஒவ்வொரு கேள்வியா நிதானமா எழுதினான். கோர்ட்டு உத்தரவுல மனநல ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்களான்னு ஒரு கேள்வி வரும். இல்லைன்னு எழுதினான். பொய் இல்ல. அவன் எந்த டாக்டர் கிட்டயும் போகல, என் கிட்டதான் வந்தான். ஆளுக்கு விக்கலாமான்னு கேக்குற அரசாங்க நம்பருக்குப் போன் போட்டேன். நாலு நிமிஷத்துல விக்கலாம்னுட்டாங்க. சட்டப்படி எல்லாம் சுத்தம், நீங்களும் பாத்திருப்பீங்க. கூட்டாளியாச்சேன்னு விலையில பத்து டாலர் குறைச்சேன். தேங்க்ஸ்னான். இருபத்தாறு வருஷத்துல அவன் வாயில இருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்ல, குறைச்சா இன்னும் குறைன்னுதான் சொல்லுவான்.

கதவுகிட்டப் போய் நின்னுட்டான். கை கைப்பிடியில. முதுகு என் பக்கம்.

"என்னோட பழசெல்லாம் எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கு. வாராவாரம் எண்ணெய் போடுறேன்."

"நல்லது"ன்னான். இன்னும் போகல. ஒரு நிமிஷம் இருக்கும். ஒரு நிமிஷம்னா கம்மி இல்ல, தம்பி, நின்னு பாத்தாதான் தெரியும். அப்புறம் திரும்பாமயே கேட்டான். "வேற ஏதாவது சொல்லணுமாடா?"

அவன் என்ன கேக்குறான்னு எனக்குப் புரிஞ்சுச்சு. ஒரு வார்த்தை போதும். உக்காருடா, காப்பி போடுறேன்னு சொல்லியிருந்தா உக்காந்திருப்பான். அந்தச் சமயத்துல எனக்கு அந்தப் பழைய துப்பாக்கியோட லீவர் சத்தம்தான் காதுல கேட்டுச்சு. அவன் இல்லாமப் போனா அது என் பீரோவுல அப்படியே தங்கிரும். எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் நான் உக்காந்து திட்டம் போடல. ஏற்கனவே போட்டு வெச்ச மாதிரி மனசுக்குள்ள இருந்துச்சு.

"இன்னொரு மேகசின் வேணுமா?"ன்னு கேட்டேன்.

"வேண்டாம்"னு சொல்லிட்டுப் போனான்.

வியாழக்கிழமை தபால்காரர் பாத்தாரு. மத்தது உங்க ஃபைல்லயே இருக்கும், நான் சொல்ல வேண்டியதில்ல. சவப்பெட்டி தூக்கின ஆறு பேர்ல நானும் ஒருத்தன். உருளைக்கிழங்கும் சீஸும் ஒரு தட்டுல வேக வெச்சு சாவு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். எனக்கு அழுகை வரல. ஐயோன் சாவுக்கும் வரல, அதனால யாரும் ஒண்ணும் நினைக்கல.

நோரீன் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "ஆர்வில் அண்ணே, அண்ணனோட பழைய துப்பாக்கியெல்லாம் வீட்டுல காணோம். எங்கே போச்சு? அதெல்லாம் இருக்கிறப்ப எதுக்குப் புதுசா ஒண்ணு வாங்குச்சு?"

"வித்துட்டான்மா"ன்னேன். "அவனும் பாவம், கைச் செலவுக்கு வேணுமே."

"நீங்க அன்னைக்குப் பாத்தப்ப அண்ணன் நல்லாத்தானே இருந்துச்சு? ஒண்ணும் தெரியலையா?"

"நல்லாத்தாம்மா இருந்தான். எப்பவும் போல பேரம் பேசினான்."

அதைக் கேட்டு அவ சிரிச்சா, அழுதுக்கிட்டே சிரிச்சா. அவளுக்கு அது ஒரு ஆறுதல். அந்த மட்டும் நான் அவளுக்கு நல்லது பண்ணேன்னு இப்பவும் நினைக்கிறேன்.

நாலு மாசம் ஓடிப்போச்சு. போன வாரம் அவ ஐயோனோட சமையல் குறிப்பு டப்பாவைக் குடைஞ்சப்ப என் கையெழுத்துல அஞ்சு பாதி அட்டை கிடைச்சுது. நேரா உங்க கிட்ட வந்துட்டா. நியாயம்தான். நானா இருந்தாலும் வந்திருப்பேன்.

ஆக, எழுதிக்கங்க. டெல்மர் டட்டில் எதுக்கு அந்த ரைபிளை வாங்குறான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு, நல்லதாப் பாத்து எடுத்துக் குடுத்தேன். மட்டமானதைக் குடுத்து அது சிக்கி, அவன் வீட்டுக்குத் திரும்பி உக்காந்து யோசிச்சு, மறுபடி கடைக்கு வந்துரக் கூடாதுன்னும் இருந்துச்சு. இதுக்கு உங்க சட்டத்துல ஒரு பேரும் இருக்காதுன்னு நினைக்கிறேன். துப்பாக்கி அஞ்சுக்கு மட்டும்தான் பேர் இருக்கும். அதைப் போட்டுக்கங்க.

என்ன தம்பி, அட்டையை ஏன் திருப்பிக் காட்டுறீங்க? அது லீவர் துப்பாக்கிக்கு எழுதின பாதி அட்டைதான், என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

பின்பக்கமா? இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கிறேன்.

இது அவன் கையெழுத்து. டெல்மருக்கு எப்பவும் எழுத்து சாய்ஞ்சுதான் விழும். "நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, அப்பாவோட இது ஆர்விலுக்கு. சின்ன வயசுல இருந்தே அவனுக்கு இது மேல ஆசை. கேக்க மாட்டான்." தேதி மார்ச் மாசம். கொண்டுவந்து குடுத்தானே, அன்னைக்குச் சாயங்காலம் எழுதியிருக்கான்.

சரி.

வருஷம் முடிஞ்சதும் குடுக்கலாம்னு இருந்திருப்பான். நான் வாயைத் திறந்து கேட்டிருந்தா அன்னைக்கே, அந்தக் காப்பி குடிச்ச மேஜையிலயே குடுத்திருப்பான். ஆனா ஒருத்தன் அப்பா வெச்சிருந்த துப்பாக்கியை எனக்குக் குடுன்னு எப்படித் தம்பி கேக்குறது? நம்மளைப் பத்தி அவன் என்ன நினைப்பான்?