எண்ணுக்கு விட்ட இடம்

காலையில் பேப்பரை விரிப்பவர் முதல் வரியைத் தாண்டிப் போனால் அது அவருடைய பெருந்தன்மை. இருபத்திரண்டு வருடமாக அந்த முதல் வரிகளை எழுதி வந்தவன் நான். நிருபர்கள் அலைந்து கொண்டுவரும் செய்திக்குத் தலை வைப்பது என் வேலை. ஆசிரியர் என்னை முதல் வரிச் சக்கரவர்த்தி என்பார். சாம்ராஜ்யம் என்று பார்த்தால் ஒரு மேஜை, ஒரு கால் ஆடும் நாற்காலி, பூட்டுள்ள ஓர் இழுப்பறை.

அந்தக் கொத்தனார் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். பஸ் நிறுத்தத்தின் பின்னால் இருக்கும் பழைய கிடங்குச் சுவர் சாய்கிறதாம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் நாலு விரல் வெளியே வந்துவிட்டதாம். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிவிட்டுக் கடைசியாக எங்களிடம் வந்திருந்தார்.

“ஒரு மூலையில நாலு வரி போடுங்கண்ணே, போதும். பேப்பர்ல வந்துட்டா இடிச்சிடுவாங்க.”

போடுகிறேன் என்றேன். போடத்தான் உட்கார்ந்தேன். ‘சுவர் சாய்கிறது, பொதுமக்கள் அச்சம்’ என்றால் யார் படிப்பார்கள்? அப்புறம் இது தானாக வந்தது:

‘அந்தச் சுவர் சாய்வது ஊருக்கே தெரியும், அதன் நிழலில் பஸ்ஸுக்கு நின்ற …… பேருக்கு மட்டும் தெரியாது.’

எண்ணுக்கு இடம் விட்டிருந்தேன். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். பெரிய மனிதர் யாராவது படுத்துவிட்டால் இரங்கல் செய்தியை எழுதி, வயதுக்கு மட்டும் இடம் விட்டு வைப்போம்.

அப்படி ஒரு வரியை ஏழாம் பக்கத்து மூலையில் வீணடிக்க மனம் வரவில்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கொத்தனார் இரண்டு முறை போன் செய்தார். பக்கத்தில் இடமில்லை என்றேன். முதல் பக்கத்தைத்தான் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் மழை பெய்தது. எண் ஐந்து. தினமும் காலையில் அங்கே போய், நிற்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்த கொத்தனாரும் அதில் ஒருவர். இடத்தை நிரப்பும்போது என் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

ஊரே அந்த வரியைப் பேசியது. பதினாறாம் நாள் கொத்தனாரின் மனைவி வந்தார். பேப்பரை நாலாக மடித்து வைத்திருந்தார்.

“அஞ்சு பேருக்கும் தெரியாதுன்னு போட்டிருக்கீங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும் சார். உங்ககிட்டதானே வந்து சொன்னாரு.”

அதன்பிறகுதான் நானே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன், ஐயா. சுவரைத் தள்ளியவன் நானில்லை. விழட்டும் என்று காத்திருந்தவன் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா சொன்னதையும் யோசிக்காமல் இல்லை. ‘நான்கு பேருக்கு’ என்று திருத்தினால் உண்மை வந்துவிடும். ஆனால் வரி செத்துவிடும்.