தேடற்பெட்டியில் ஒரு பெயர்

சித்திரை மாதத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் அதிகம் தேடுவது வெங்காய விலையை என்று நினைப்பீர்கள், ஐயா. இல்லை. முடி உதிர்வதற்கு மருந்து தேடுகிறார்கள். ஏனென்று எனக்கே இரண்டு வருடமாக விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் ஆடி, ஆவணியில் திருவிழாவுக்கு வருவார்கள். அவர்களோடு படத்தில் நிற்பதற்கு இவர்கள் மூன்று மாதம் முன்பே தலையைத் தயார்படுத்துகிறார்கள்.

நான் சிவசுப்பிரமணியம் ஜெயசுதன், வயது முப்பத்தெட்டு. சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி அறையிலிருந்து ஒன்பது வருடமாக ஊர் இணையத்தளம் ஒன்றை நடத்துகிறேன். மரண அறிவித்தல், திருவிழா நோட்டீஸ், மரக்கறி விலை, மணமக்கள் தேவை எல்லாம் அதில் வரும். மேலே ஒரு தேடற்பெட்டி உண்டு. தளத்தில் போன் இலக்கத்தைப் பதிந்துதான் தேடலாம், அதனால் அதில் யார் எதைத் தட்டினாலும் யாருடைய போன் என்பதோடு என்னிடம் பதிவாகும். ஒரே சொற்கள் நாள்தோறும் தட்டப்பட்டால், அடுத்தவர் முதற் சொல்லைத் தட்டும்போதே மிச்சம் தானாகக் கீழே வந்து நிற்கும். விசாரணைக்கு வந்த நீங்கள் உங்கள் போனில் அந்தப் பிள்ளையின் பெயரைத் தட்டியபோது கீழே வந்ததும் அப்படித்தான்: ஆரபி தியாகராசா அச்சுவேலி வலிப்பு. அந்தக் கடைசிச் சொல் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். எழுதித் தருகிறேன்.

எங்கள் சனம் வாயால் கேட்காததையெல்லாம் அந்தப் பெட்டியில் கேட்கும். செத்தவர் பெயரைத் தட்டிவிட்டு, பின்னால் ‘எந்தப் பகுதி’ என்று சாதியைத் தட்டிக் கேட்கும். உயர்தரப் பரீட்சை முடிவு வருகிற வாரம் தன் பிள்ளையின் பெயரை விட அயல்வீட்டுப் பிள்ளையின் பெயரைத்தான் கூடத் தேடும். இதையெல்லாம் நான் மாதவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் புத்தகமாக எழுதலாம் என்ற எண்ணமும் இருந்தது. கோயில் மேடையில் பேசுகிறவர்களுக்குத் தெரியாத யாழ்ப்பாணம் என்னிடம் இருக்கிறது.

கலியாணத்துக்கு விசாரிப்பது எப்படியென்று உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டில் நேரே கேட்க மாட்டோம். கடைக்காரரிடம், ஐயரிடம், பின்வளவுக்காரரிடம் சுற்றி வளைத்துக் கேட்போம். என் தகப்பனாரின் காலத்தில் கலியாணம் குழப்புகிறவர்கள் மொட்டைக் கடிதம் போட்டார்கள். நான் என் வாழ்நாளில் ஒரு மொட்டைக் கடிதமும் எழுதியதில்லை. அது கீழ்த்தரமான வேலை. இப்போது கடையும் ஐயரும் தேவையில்லை. சாதகம் கைக்கு வந்ததும் பெயரைப் பெட்டியில் தட்டுகிறார்கள். கீழே வருவதை யாரும் பொய்யென்று நினைப்பதில்லை, ஏனென்றால் அதை யாரும் சொல்லவில்லை. நாலு பேர் தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நெருப்பில்லாமல் புகையாது என்று முடிவெடுத்துவிடுவார்கள்.

எனக்கு வெகுநாளாக ஒரு கேள்வி இருந்தது. சனம் நம்புவதால் தேடுகிறதா, தேடுவதால் நம்புகிறதா? சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. மனதில் வந்த பெயர் இது.

விபரம் முழுமையாக இருக்கவேண்டும் என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். அதற்கு ஆறு மாதம் முன்னர் என் அம்மா அதே பெண்ணை எனக்குப் பேசினார். பொருத்தம் நன்றாக இருந்தது. படமும் வந்தது. தகப்பன் தியாகராசா வெங்காயத் தோட்டக்காரர். “கொம்பியூட்டருக்கு முன்னாலை குந்தியிருக்கிறது ஒரு உத்தியோகமே?” என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார். அதில் எனக்குக் கோபம் இல்லை. அரசாங்க உத்தியோகம் கேட்பது இங்கே வழமை. இந்த விடயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சொல்லை யோசித்துத்தான் எடுத்தேன். காதல் என்று போட்டால் ஆள் யாரென்று கேட்பார்கள். ஆள் இல்லையென்றால் கதை செத்துவிடும். வலிப்புக்கு ஆளும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். வலிப்பு வராத நாளெல்லாம் மறைத்த நாள் என்று ஆகிவிடும். காலையில் தேநீர் குடித்தபடி சில தடவை தட்டுவேன். பத்து நாளில் அது பெட்டிக்குக் கீழே வந்து உட்கார்ந்தது.

முதலில் கொடிகாமத்து மாப்பிள்ளை வீட்டார். வங்கியில் வேலை. பொருத்தம் பார்த்து, நாளும் பேசியாகிவிட்டது. அவர்கள் வீட்டிலிருந்து அந்தப் பெயர் ஒரே பின்னேரத்தில் ஒன்பது தடவை தேடப்பட்டது. மறுநாள் ‘சாதகத்தில் ஒரு சின்னக் குறை’ என்று சொல்லி விட்டார்களாம். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. ஒன்பது வருடத்தில் என் கணக்கு இவ்வளவு சுத்தமாக ஒருபோதும் சரிவந்ததில்லை. பிறகு வந்த இரண்டு சம்பந்தமும் அப்படியே போயின.

மூன்றாவது குழம்பியபோது தியாகராசா மகளை வைத்தியரிடம் கூட்டிப்போய், வலிப்பு இல்லை என்று கடிதம் எடுத்தார். அதுதான் அவர் விட்ட பிழை. நோயில்லாதவள் ஏன் கடிதம் எடுக்கிறாள் என்று ஊர் கேட்டது. அதுவரை என்னுடைய பெட்டியில் மட்டும் இருந்த சொல் அன்றுதான் வாய்க்கு வந்தது. ஆரபி முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தார். அங்கே படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் கூடிக் கதைத்து, ‘கொஞ்ச நாளைக்கு நில்லுங்கோ’ என்று மரியாதையாக நிற்பாட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர் என் அறைக்கு வந்தார். அவரை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். கதிரையைத் துடைத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை.

“அண்ணை, எனக்குப் பிறந்ததிலை இருந்து ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. உதை எடுத்துவிடுங்கோ” என்றார்.

“நான் எழுதேல்லை. சனம் தேடுது. சனம் தேடுறதை நான் எப்பிடி அழிக்கிறது?”

“ஆர் தேடினவை எண்டாவது சொல்லுங்கோ.”

“அது அவையின்ரை அந்தரங்கம். ஒருத்தரின்ரை அந்தரங்கத்தை இன்னொருத்தருக்குச் சொல்லுறது பிழை.”

அவர் “சரி அண்ணை, வாறன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இரண்டு தடவை அண்ணை என்றார். நான் அவரைத் தங்கச்சி என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை அழிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் இடையில் கைவைத்தால் ஒன்பது வருடத்து ஒழுங்கு கெட்டுவிடும்.

அடுத்த மாதம் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு தேடல் வந்தது. தாய் இராசமலரின் போன். ‘நித்திரையில் வலிப்பு வந்தால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா’ என்று இருந்தது. அதை நான் பலமுறை வாசித்தேன். பெற்று வளர்த்தவர், ஒரே அறையில் படுக்கிறவர், அவரும் நம்பிவிட்டார். என் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. அதன் பிறகு மகளைத் தனியாகக் கிணற்றடிக்கு விடுவதில்லை என்றும், சைக்கிளை எடுத்து அறைக்குள் பூட்டி வைத்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஆரபிக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

ஒரு வெள்ளிக்கிழமை தாய் கோயிலுக்குப் போயிருந்த நேரம் அவரைத் தோட்டக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். செத்த வீட்டில் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: தண்ணீர் அள்ளப் போன இடத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள், பாவம், அப்பவே தெரியும். கிணற்றுக் கட்டுக்குக் கீழே செருப்பு இரண்டும் சோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்ததை நீங்களும் உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். வலிப்பு வந்து விழுகிறவர்கள் செருப்பைச் சோடி சேர்த்து வைப்பதில்லை. அங்கே நின்றவர்களில் அதை யோசித்தவர்கள் நீங்களும் நானும் மட்டும்தான்.

மரண அறிவித்தலுக்கு விபரம் எடுக்க நானே போனேன். தியாகராசா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “தம்பி, வலிப்பெண்டு மட்டும் போட்டிடாதை” என்றார். நான் போடவில்லை. அகால மரணம் என்று போட்டேன். படத்தைத் தேடித் தரட்டுமா என்று கேட்டார். தேவைப்படவில்லை, என்னிடம் இருந்தது. அந்த மாதம் அதிகம் பார்க்கப்பட்ட அறிவித்தல் அதுதான்.

நீங்கள் கேட்ட பட்டியலை இதனுடன் இணைத்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் அந்தப் பெயர் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தடவை தேடப்பட்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார், ஊரார், வெளிநாட்டுக்காரர், எல்லோருமாக எண்ணூற்றுச் சொச்சம். ஆரபியின் போனிலிருந்து நாற்பத்தொன்று. மிச்சமெல்லாம் என்னுடைய அறையிலிருந்து. அதை நான் மறுக்கவில்லை. நான்தான் செய்தேன். ஆனால் பட்டியலைப் பார்த்தால் தெரியும், ஐயா, நான் தட்டியவற்றில் அறுநூறில் மட்டும்தான் வலிப்பு என்ற சொல் இருக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் வெறும் பெயர்தான். என் அம்மா பேசப் போனதற்கு முந்திய வருடத்திலும் இருக்கிறது.

கடைசியாக இருப்பது இன்று காலை நான் தட்டியது. அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நாலு நாள். யாரும் தேடாத பெயர் தேடற்பெட்டியில் பின்னுக்குப் போய்விடும், அதற்காகத்தான்.