வாசலில் நின்ற மேளம்

பெயர்: பாலசிங்கம் குகதாசன். வயது: 16. தொழில்: மாணவன் (இதைத் தொழில் என்று எழுதலாமா என்று கேட்டார், கூடுதலாக ஒன்றும் பேச வேண்டாமென எச்சரிக்கப்பட்டது). முகவரி: நாரந்தனை. திகதி: 17.04.1984. மேற்படி நபர் அழைக்கப்படாமல் தாமாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து கூறியதாவது:

நான் மேற்படி முகவரியில் தாய் தந்தையருடன் வசித்து வருகிறேன். என் சித்தப்பா ஆழ்வாப்பிள்ளை சவாரி மாடு வளர்ப்பவர். கடந்த ஆண்டு வருஷப்பிறப்பு மாட்டுவண்டிச் சவாரிப் போட்டியில் அவருடைய மாட்டுச் சோடி கடைசியாக வந்தது. கடைசிக்குப் பின்னால் இன்னும் ஓர் இடம் இருந்திருந்தால் அதற்குத்தான் வந்திருக்கும். ஆகவே இந்த ஆண்டு வென்றால் மேளத்துடன் வீதியால் ஊர்வலம் போவதென்று வாசிகசாலைப் பொடியன்கள் எல்லோரும் முடிவெடுத்தோம். முடிவெடுக்க வைத்தவன் நான்.

அதன் பின் நான் அனுமதி கேட்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். அங்கே அறிவித்தல் பலகையில், வீதியில் ஊர்வலம் போக விரும்புவோர் ஏழு நாட்களுக்கு முன் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்றும், மரண ஊர்வலத்துக்கு இது பொருந்தாது என்றும், அனுமதியின்றி நடக்கும் ஊர்வலத்துக்கு அதை ஒழுங்கு செய்தவரே பொறுப்பாளி என்றும் ஒட்டப்பட்டிருந்தது. அனுமதி எழுதிக் கொடுக்கும் தலைமை லிகிதர் அரியநாயகம் ஐயா என்னை விசாரித்தார்.

“சவாரி எப்ப?”

“வாற ஞாயிறு.”

“வெண்டிட்டியளோ?”

“இன்னும் ஓடேல்லை ஐயா.”

“வெல்லாத வெற்றிக்கு நான் என்னெண்டு அனுமதி தாறது? வெண்ட பிறகு எழுதித் தாரும். ஏழு நாளிலை பாப்பம்.”

“ஏழு நாளிலை மாடு மறந்துபோடும் ஐயா.”

அவர் சிரிக்கவில்லை. காலம் கிடக்கிற கிடையில் பத்துப் பேர் றோட்டில் கூடினாலே யார் என்ன நினைப்பார்களோ என்று தனக்குப் பயமாக இருப்பதாகச் சொன்னார். அதில் நியாயம் உண்டென்று இன்று சொல்கிறேன். அன்று எனக்கு மரண ஊர்வலம் பற்றிய அந்த இரண்டாவது வரி மட்டுமே கண்ணில் நின்றது. செத்தவர் எவரும் ஏழு நாட்களுக்கு முன் விண்ணப்பிப்பதில்லை என்பதால் அந்த வரியை எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

அதன் பின் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் சோடி முதலாவதாக வந்தது. பரிசாக ஒரு பித்தளைச் சருவப் பானை கிடைத்தது. அதை வண்டியில் வைத்து, சித்தப்பாவின் வெள்ளை வேட்டியால் பிரேதம் போல மூடினேன். மேளம் அடிக்க வல்லிபுரம் வந்திருந்தார். சவாரித் திடலுக்கும் செத்தவீட்டுக்கும் எங்கள் பகுதியில் அவர்தான் அடிப்பவர். யாராவது மறித்தால் நான் கையைத் தூக்குவேன், உடனே செத்தவீட்டு அடிக்கு மாற வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். “தம்பி, உது விளையாட்டுக்கு அடிக்கிற அடியில்லை” என்றார். “இண்டைக்கு ஒருநாள்தானே” என்றேன். அவர் குடியிருப்பது எங்களுடைய காணியில். அவர் மேளத்தை எடுத்துத் தோளில் மாட்டினார்.

அதன் பின் ஊர்வலம் பெரிய வீதிக்கு வந்தபோது அரியநாயகம் ஐயா தன் வீட்டிலிருந்து இறங்கி வந்து வண்டிக்கு முன்னால் நின்று மறித்தார். நான் கையைத் தூக்கினேன். மேளம் மாறியது.

“அனுமதி எங்கை?”

“செத்தவீட்டுக்கு அனுமதி தேவையில்லை ஐயா.”

“ஆரடா செத்தது?”

“எங்கடை தோல்வி ஐயா. ஒரு வருசமாய் வீட்டிலை கிடந்து இண்டைக்குத்தான் போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். வண்டி நின்றது. மேளமும் நின்ற இடத்தில் நின்றபடி அடித்தது.

இவ்விடத்தில் ஒன்றை விளக்கமாக எழுதும்படி கேட்கிறேன். எங்கள் பகுதியில் செத்தவீட்டு மேளம் வீதியில் போகும்போது நடந்துகொண்டே அடிக்கப்படும். வழியில் எவர் வீட்டு வாசலிலும் அது நிற்காது. நின்று அடித்தால் அந்த வீட்டில்தான் சாவு. இது எந்தப் பலகையிலும் ஒட்டப்படவில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வண்டி நின்றது யாருடைய வாசலில் என்று நான் பார்க்கவில்லை.

அது மீனாம்பிகை அக்காவின் வாசல். அவருடைய கணவர் தில்லைநாதன் தெற்கே மாத்தறையில் கடை வைத்திருந்தவர். போன ஆடிக் கலவரத்துக்குப் பின் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அகதிகளாகக் கப்பலில் வந்தவர்களோடும் அவர் வரவில்லை. மரணக் கிரியையைச் செய்துவிடும்படி இனசனம் சொன்னபோதெல்லாம் அக்கா “ஆர் கண்டது?” என்று மட்டும் கேட்பார், பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை.

அதன் பின் படலை திறந்தது. அக்கா தலைமயிர் அவிழ்ந்தபடி வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை, வலது உள்ளங்கை குங்குமச் சிவப்பாக இருந்தது. வண்டியைப் பார்த்து “உள்ளை கொண்டு வாங்கோ” என்றார். வல்லிபுரம் அடிப்பதை நிறுத்திவிட்டார். அக்கா கிட்ட வந்து வேட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். சருவம் இருந்தது. மறுபடி மூடி, தொங்கிய கரையை உள்ளே செருகிவிட்டார்.

“வெண்டிட்டியளோ?” என்று என்னைக் கேட்டார்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் நான் தலையை மட்டும் ஆட்டினேன். “நல்லது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அரியநாயகம் ஐயா தானாகவே வழி விட்டார். ஆனால் போக ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அதன் பின் நேற்று யாரோ கொடுத்த முறைப்பாட்டின் பேரில் பொலிசார் வந்து வல்லிபுரத்தையும் மேளத்தையும் கொண்டுபோனார்கள். சத்தம் போட்டது மேளம் என்பதால் அப்படி நடந்திருக்கலாம்.

அதன் பின் இன்று காலை நான் சித்தப்பாவுடன் இந்நிலையத்துக்கு வந்து வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தபோது மீனாம்பிகை அக்காவும் வந்தார். அவர் சார்ஜன் ஐயாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“அது என்ரை மனிசன்ரை செத்தவீடு ஐயா.”

“பிரேதம்?”

“கிடைக்கேல்லை. மேளம் என்ரை வாசலிலை நிண்டது, அப்ப அது என்ரை வீட்டு மேளந்தானே. அந்தாளை விடுங்கோ, அவருக்கும் பெண்சாதி பிள்ளையள் இருக்கு.”

செத்தவீடென்றால் அனுமதி தேவையில்லை, வழக்கும் இல்லை என்று சொல்லிச் சார்ஜன் ஐயா எழுதத் தொடங்கினார். நான் எழும்பினேன். சித்தப்பா என் கையைப் பிடித்து, “பேசாமல் இரு. எல்லாருக்கும் நல்லதாய் முடியுது” என்றார். எல்லோருக்கும் நல்லதாக முடிய ஒரே ஒருவர் சாக வேண்டியிருந்தது. அவர் இங்கே வந்து மறுத்துச் சொல்ல ஏலாது. ஆகவே நான் சொல்கிறேன்.

அது தில்லைநாதன் அவர்களுடைய மரண ஊர்வலம் அல்ல. அது அனுமதியில்லாத வெற்றி ஊர்வலம். ஒழுங்கு செய்தவன் நான். மேளத்தை மாற்றச் சொன்னவனும் நான். அறிவித்தலின்படி ஒழுங்கு செய்தவரே பொறுப்பாளி, அடித்தவர் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. எனவே வல்லிபுரத்தை அந்த மூன்றாவது வரியைக் கொண்டு விடலாம். இரண்டாவது வரியைத் தொட வேண்டியதில்லை. என்னை மறித்து வைக்க வேண்டிவரும் என்று சார்ஜன் ஐயா சொன்னார். ஓம் என்றேன்.

இன்னும் ஒன்று. கணவர் இறந்துவிட்டார் என்று சொல்ல இன்று காலை வந்த மீனாம்பிகை அக்காவின் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. அது அவருடைய வாக்குமூலத்தில் எழுதப்படவில்லை. என்னுடையதில் எழுதும்படி கேட்கிறேன்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. பகிடியாகச் சொன்ன இடங்களும் உண்மை என்பதால் அவற்றை வெட்ட வேண்டாம்.

(ஒப்பம்) பா. குகதாசன்

என் முன்னிலையில் ஒப்பமிடப்பட்டது. வல்லிபுரம் என்பவர் மேளத்துடன் விடுவிக்கப்பட்டார். பொட்டு இருந்ததை நானும் கண்டேன்.

(ஒப்பம்) பதிவு செய்த சார்ஜன்