அகமறியின் பிடிவாதம்

— இன்று 2025 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. காலை மணி 10.40. மதுரையில் வெயில் 37 பாகை, மழைக்கு வாய்ப்பில்லை. வணக்கம், பேராசிரியர் ஹம்சவேணி அவர்களே. நான் அகமறி, உடற்கூறு கற்பிக்கும் கணினி.

— வெள்ளைத்துரை, உடம்பைக் கத்துக்கொடுக்க வந்த மிஷின் வானிலை வாசிக்குது.

— மரியாதை மேடம், மரியாதை! மூணு வருசமா நானே பழக்குனது. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முதலாம் வருசப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும். இல்லேன்னா உசிலம்பட்டிக்கே போயி எங்கப்பாவோட மாட்டுச் சந்தையில நின்னுக்கிருவேன்.

— பார்ப்போம். அகமறி, திரையில இருக்கிற ஸ்கேன்ல இதயம் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு?

— வலப்பக்கம்.

— முடிஞ்சது. பேப்பரை எடுத்துட்டுக் கிளம்புங்க தம்பி.

— மேடம், மேடம்! டேய் அகமறி, எம்புட்டுத் தடவைடா திருத்துனேன்? இடதுன்னு சொல்லு!

— பதினொரு முறை திருத்தினீர்கள். பதினொரு முறையும் மன்னிப்புக் கேட்டேன். இதயம் இன்னும் வலப்பக்கமே இருக்கிறது.

— எதிர்ல நிக்கிறவரோட இடது, நமக்கு வலதாத் தெரியும். அதுல குழம்பி நீங்க படத்தைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. முதல் வாரத்துல எல்லாப் பிள்ளைகளும் பண்ற தப்பு.

— படம் திரும்பவில்லை, பேராசிரியரே. இவரது இடது தோளில், காறை எலும்பு ஒருமுறை முறிந்து கோணலாகச் சேர்ந்திருக்கிறது. முறிந்தது எந்தத் தோள் என்று உரியவரிடமே விசாரிக்கலாம்.

— யாரோட ஸ்கேன் தம்பி இது?

— என்னுதுதான் மேடம். போன வருசம் வாடிப்பட்டிகிட்ட பைக்குல விழுந்தப்ப எடுத்தது. ஓசியில வேற யாரு உடம்பு கெடைக்கும்?

— தோள் எப்ப உடைஞ்சது?

— எட்டாப்புல, கபடியில. நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டாரு. இந்தா, இங்கன... இடது தோளு.

— ...சட்டைப் பொத்தானைக் கழட்டுங்க.

— மேடம்?

— ஸ்டெதாஸ்கோப் வைக்கிறேன், மூச்சை விடாதீங்க. ம். இடப்பக்கம் ஒண்ணும் சரியாக் கேக்கல. இந்தப் பக்கம் நல்லா அடிக்குது.

— ஐயய்யோ!

— பயப்படாதீங்க. பிறவியிலேயே உள்ள எல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். ஸ்கேன் ரிப்போர்ட்ல எழுதியிருப்பாங்களே?

— விலா எலும்பு முறியலன்னு வாய்ல சொன்னாங்க மேடம். கவரைப் பிரிக்கவே இல்ல.

— எனது பதினொரு மன்னிப்புகளையும் திரும்பப் பெறுகிறேன்.

— நீ பேசாம இருடா! மேடம், அப்ப... சந்தைக்குப் போகவா?

— பேனாவைக் கொடுங்க. ...இந்தாங்க, கையெழுத்து ஆயிருச்சு. சத்தமா வாசிங்க.

— "அகமறிக்கு அனுமதி வழங்கப்படுகிறது. அதன் விடைகளைத் திருத்தும் உரிமை வெள்ளைத்துரையிடமிருந்து நீக்கப்படுகிறது. திங்கட்கிழமை முதல் அவர் தவறாமல் வகுப்புக்கு வர வேண்டும்... பாடப்பொருளாக."