நடுவில் நிறுத்திக் கேட்ட சத்தார் சார்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பயிற்சி மைய நிறுவனர் தர்மன் அவர்களே, நம் ஜெர்மன் ஆசிரியர் அப்துல் சத்தார் அவர்களின் மகள் ஆஷிஃபா அவர்களே, பணிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் செவிலியர்களே, பிள்ளையார்பாளையத்துப் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் ஏலவார்குழலியின் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்தத் தாளைப் பார்த்துப் படிக்கிறேன். எட்டு ஆண்டுகளாக நானும் அவரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஜெர்மன் எழுதவும் படிக்கவும் சொல்லிக்கொடுப்பது நான், பேசச் சொல்லிக்கொடுப்பது அவர். வரும் திங்கட்கிழமை முதல் பேச்சு வகுப்பும் என் தலையில். அதிலிருந்து பத்தாம் நாள் பதினோரு செவிலியர்களுக்குத் தேர்வு. தோற்றால் கைக்கு வந்த ஜெர்மனி வேலை போய்விடும். நானோ யாரிடமும் ஜெர்மனில் வாய் திறந்து பேசியதே இல்லை. சத்தார் சாருக்கு மட்டும் அது தெரியும்.

யார் இந்த அப்துல் சத்தார்? கல்லூரியில் மொழி படித்தவரா? இல்லை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஜெர்மன் பொறியாளர்களோடு நின்று, இயந்திரச் சத்தத்துக்கு மேலே தப்பும் தவறுமாகக் கத்தியே கற்றுக்கொண்டவர்.

நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அர்ச்சனைத் தட்டை நீட்டிப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொல்லும் வேகத்தில் சுய அறிமுகத்தை ஒப்பித்துவிடுவோம். இதோ, இங்கே உட்கார்ந்திருக்கும் நம் செவிலியர் பிரவீனாவும் முதல் தேர்வில் அப்படித்தான் ஆரம்பித்தாள். தேர்வாளர் நடுவில் ஏதோ கேட்டார். அவள் மறுபடி பெயரிலிருந்து தொடங்கினாள். மறுபடி கேட்டார். மறுபடி பெயர். மூன்று முறை பெயரைச் சொல்லிவிட்டுத் தோற்று வந்தாள். இன்று சிரிக்கிறாள், அன்று இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதன் பிறகுதான் சத்தார் சார் குறுக்கிடத் தொடங்கினார். புதிதாகச் சேர்ந்தவர் வாய் திறந்தால் இரண்டாம் வாக்கியத்திலேயே நிறுத்துவார். டீ என்ன விலை என்பார், ஜன்னலைச் சாத்து என்பார், எல்லாம் ஜெர்மனில். கருட சேவையன்று வகுப்பையே தெருவுக்குக் கொண்டுபோய் மேளச் சத்தத்தில் பேச வைத்தார். நாளுக்கு ஐந்து சொல் போதும், ஆனால் ஐந்தையும் யாரிடமாவது பேசிவிட வேண்டும். தப்பாகப் பேசலாம், திணறலாம், ஆரம்பத்துக்கு மட்டும் திரும்பக் கூடாது. தொடங்குபவர்களுக்கு அவர் சொன்னது இவ்வளவுதான். பிரவீனா அடுத்த முறை தேறினாள். அடுத்த மாதம் விமானம் ஏறுகிறாள்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, பேச்சு வகுப்புக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

“பயந்துக்கினே பேசுங்க டீச்சர். பயம் போவட்டும்னு காத்துக்கினு இருந்தா வாயே தொறக்க மாட்டீங்க.”

பயம் போகவில்லை சார். நீங்கள்தான் போய்விட்டீர்கள்.

இந்த உரையைக்கூட வீட்டில் ஆறு முறை ஒப்பித்துவிட்டுத்தான் வந்தேன். இனி அது வேண்டாம். ஆஷிஃபா, இந்தத் தாளை நீயே வைத்துக்கொள். உன் அப்பாவின் வகுப்பு திங்கட்கிழமை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இப்போதே நடத்துகிறேன். என்னைப் பற்றி ஜெர்மனில் சொல்லப் போகிறேன். என் இரண்டாம் வாக்கியம், எனக்குப் பயமாக இருக்கிறது என்பதுதான். பிரவீனா, எழுந்திரும்மா. சரியாக அங்கே என்னை நிறுத்தி ஜெர்மனில் ஏதாவது கேள். நான் மறுபடி பெயருக்கு ஓடினால் மேடையை விட்டு இறங்க விடாதே.

இஷ் ஹைஸே ஏலவார்குழலி. இஷ் ஹாபே ஆங்ஸ்ட்.

கேளும்மா.