கணிதத் தேர்வறையில் கேட்ட தட்டல் குறித்து

எனக்கு வயது எழுபத்தொன்று. பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்று, மேலே பதிவான முகவரியில் மகள் வீட்டில் வசித்து வருகிறேன். ஆள் போதாததால் பொதுத் தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளராக அழைக்கப்பட்டேன். என் காது சற்று மந்தம் என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

கணிதத் தேர்வன்று வினாத்தாள் கொடுத்த சிறிது நேரத்தில், சன்னலோரம் இருந்த மாணவிக்கு, மற்றவர்கள் வாத்து என்று கூப்பிடும் பெண்ணுக்கு, மூச்சு இரைக்க ஆரம்பித்தது. தண்ணீர் கொடுத்தேன், விழுங்க முடியவில்லை. வெளியே அனுப்பினால் விதிப்படி திரும்ப அனுமதிக்க முடியாது என்பதால், அனுப்பவில்லை. அதன் பிறகு கடைசி வரிசை மாணவன் ஒருவன் பேனாவை வைத்துவிட்டு விரலால் மேசையை மெதுவாகத் தட்டினான். அதன் பிறகு பக்கத்தில் இருந்தவள் தட்டினாள். அதன் பிறகு அறை முழுவதும் தட்டியது.

என் காதை நம்பாமல் ஒரு மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குழந்தையைத் தூங்க வைக்க முதுகில் தட்டுவதுபோல ஒரே சீராக இருந்தது. வரிசை வரிசையாக நடந்தும் பார்த்தேன். எவர் கையிலும் பேனா இல்லை. எவரும் அடுத்தவர் தாளைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார்கள். எழுத நேரம் போதாத தேர்வு அது.

முதலில் தட்டியவனிடம் இது என்னவென்று கேட்டேன். "யாருக்கு மூச்சு முட்டுதோ அவங்களுக்குத் தட்டுவோம் சார். போன பரீட்சையில எனக்குத் தட்டினாங்க. வாத்துதான் ஆரம்பிச்சு வெச்சா" என்றான். வீட்டில் சொல்வதில்லையா என்றதற்கு, "சொன்னா டியூஷனை மாத்துவாங்க சார்" என்றான்.

அவள் மூச்சு அந்தத் தட்டலோடு சேர்ந்து மெல்ல இறங்கியது. அவள் பேனாவை எடுத்த சமயத்தில் பறக்கும் படை அலுவலர் உள்ளே வந்து, "என்னய்யா, கச்சேரியா நடக்குது?" என்று கேட்டு, விடைகளைத் தட்டிச் சொல்வதாகக் கருதி எல்லா விடைத்தாள்களையும் பறித்துக்கொண்டார். தேர்வு ரத்தானால் ஒரு வருடம் போய்விடும் என்று தெரிந்தும், இவளால்தான் என்று ஒருவரும் விரல் நீட்டவில்லை.

அதன் பிறகு, மாணவர்கள் காப்பி அடித்ததை நான் கண்டதாக அவர் எழுதிய அறிக்கையில் என்னைக் கையெழுத்திடச் சொன்னார். நான் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகியவன் அல்ல. மறுத்துவிட்டேன்.

ஏன் தடுக்கவில்லை என்று விசாரணை அதிகாரியான தாங்கள் கேட்டதற்கு: தடுக்கத்தான் வாய் திறந்தேன். அந்த அறையில் அப்போது நான் பேசுவது தகாது என்று தோன்றியது. அதைச் சரியாக விளக்கத் தெரியவில்லை. விடைத்தாள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறேன். நான் கண்டது தவறென்றால் அதில் தெரிந்துவிடும்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் கண்டதும் சொன்னதும் இதுவே, உண்மை. அந்த அலுவலர் நீட்டிய தாளில் போட மறுத்த கையெழுத்தை இதன் கீழே போடுகிறேன்.

(ஒப்பம்)