ரெண்டு முழம் கயிறும் பொன்னுத்துரை சயாவும்

முடியாதுங்க சயா, எங்க வாத்தியாரே. நீங்க எவ்வளவு முறைச்சாலும் சரி, இன்னைக்கு நான் பேசத்தான் போறேன். "செல்லையா, நான் இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே"ன்னு சொன்னீங்க. பத்தொன்பது வருஷம் திறக்கலையே! இருக்கிற வரைக்கும்னுதானே பேச்சு? இப்ப நீங்க மாலைக்குள்ள இருக்கீங்க, நான் மைக்குக்கு முன்னாடி நிக்கிறேன். முறைச்சு என்ன செய்ய?

சபையோர் மன்னிக்கணும். போட்டோவோட சண்டை போட்டதுல வணக்கம் சொல்ல மறந்துட்டேன். மேடையில இருக்கிற கல்லூரி கமிட்டித் தலைவர் காஜா மைதீன் ஹாஜியார் அவர்களே! தன்லியின் பாலம் தாண்டி, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிற பழைய ஓட்டக்காரங்களே! கரண்ட் போனதும் ஜெனரேட்டரை எழுப்பிவிட்ட புண்ணியவானே! கடைசி வரிசையில, கதவோரமா, எந்த நேரமும் எழுந்து போற மாதிரி உட்கார்ந்திருக்கிற, அன்னைக்கு ஓட்டக்காரி, இன்னைக்கு டீச்சர் ருமானா சயாமா அவர்களே! எல்லாருக்கும் இந்தச் செல்லையாவோட வணக்கம். மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போடுறவன் நான். எனக்குத் தெரிஞ்சது கோடுதான், எழுத்து கொஞ்சம் கம்மி. தப்பிருந்தா பொறுத்துக்கணும்.

ஹாஜியார் இப்பப் பேசினாரு. நம்ம விளையாட்டுத் துறைத் தலைவர் பொன்னுத்துரை சயாவை, பேருக்கு முன்னாடி பர்மிய மரியாதைக்கு ஒரு 'ஊ' போட்டு, மலைன்னாரு. எனக்குத் தெரியாதாங்க? அஞ்சடி ரெண்டங்குலம்! கொடிக் கம்பத்துல கயிறு சிக்கினா என்னையத்தான் கூப்பிடுவாரு. மலை வேணாம் ஹாஜியார். ஆளைச் சொல்லுவோம்.

பந்துக்குக் காத்தடிச்சது யாரு? மழையில மாவ்பி ரோட்டுல பஸ் நின்னப்ப, இறங்கித் தள்ளினது யாரு? தின்கன்ஜூன்ல வீடு வீடாப் போயி, "உங்க பொண்ணு ஓடட்டுங்க, நான் பத்திரமாக் கொண்டாந்து விடுறேன்"னு அப்பன்மாருகிட்ட கெஞ்சினது யாரு? போர்டுலதான் அவரு தலைவரு. வேலையில பாதி கூலி, பாதி தாயி!

அப்புறம் அந்தப் பிஸ்கட் டப்பா. கேட்டுல தொங்குதே, மூடியில வாய் கிழிச்ச டப்பா, அது. ஊர்ல எந்த ரசிகன் வேணா கேள்வி எழுதிப் போடலாம். சனிக்கிழமை காலையில சயா கரும்பலகையில பதில் எழுதுவாரு. இப்ப பேஸ்புக்கு வந்திருச்சு, அதுலயும் ஒத்தை விரலால தட்டித் தட்டி எழுதினாரு. ஆனா டப்பாவை மட்டும் கழட்ட விடல.

"நம்ம பொண்ணுங்க ஏன் தோத்தாங்க?"ன்னு ஒருத்தன் கேட்டான். "அவங்க நம்மளவிட வேகமா ஓடினாங்க"ன்னு எழுதினாரு. "கடைசி ரவுண்டு ஓடப் போறது யாரு?"ன்னு இன்னொருத்தன் கேட்டான். அந்த வெள்ளந்தி மனுசன் ஓடப் போறவ பேரையும் எழுதி, பொண்ணுக்கு இடது முழங்கால்ல வலின்னும் எழுதி வச்சாரு! கேட்டவன் எதிர்க் காலேஜுக்காரன். தோத்துட்டு வந்து நின்னோம். "ஏன் சயா எழுதினீங்க?"ன்னு கத்தினேன். "கேட்டான்ல?"ங்கிறாரு. இவரை வச்சுக்கிட்டு என்ன செய்யிறதுங்க?

நானும் இடது கையால எழுதிப் போடுவேன். "தலைவருக்கு எப்பக் கல்யாணம்?" பலகையில பதில் வரும்: "செல்லையா கோட்டை நேராப் போட்டதுக்கு மறுநாள்." கடைசி வரைக்கும் ஆகலை. அவ்வளவு கோணல் என் கோடு.

சிரிங்க, சிரிங்க. இதுவரைக்கும் சிரிப்பு. இனிமே சொல்லப் போறதுக்குத்தான் அவரு முறைக்கிறாரு.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி, பொண்ணுங்களுக்கான காலேஜ் போட்டி நம்ம மைதானத்துல நடந்துச்சு. ஆம்பளைப் பசங்களுக்கு வெளியில பெரிய ஸ்டேடியம் எடுத்திருந்தாங்க. நானூறு மீட்டர். ருமானா ஓடினாங்க. ஓட்டமா அது! பறந்தாங்க! புது ரெக்கார்டு. லெபெயேக் கடைக்காரரு அன்னைக்கு எல்லாருக்கும் சும்மா டீ ஊத்தினாரு.

அடுத்த வாரம் டப்பாவுல ஒரு சீட்டு. "டிராக் சரியா நானூறு மீட்டரா?"

விடிகாலையில சயாவும் நானும் இரும்பு டேப்பை எடுத்துக்கிட்டு இறங்கினோம். ஒரு முனை அவரு, ஒரு முனை நான். அளந்தா முன்னூத்தித் தொண்ணூத்தி நாலே சொச்சம். கிட்டத்தட்ட ஆறு மீட்டர் காணோம்! மறுபடி அளந்தோம். அப்பவும் காணோம். பலகையில எழுதினாரு: "இல்லை. ஆறு மீட்டர் குறைவு. தப்பு என்னுடையது. ரெக்கார்டு செல்லாது."

அந்த ரெக்கார்டு போனதுல ருமானாவுக்குக் கிடைச்ச தேசியப் பயிற்சி இடமும் போச்சு. கேட்டு வாசல்ல நின்னு சயா முகத்துக்கு நேரா கேட்டாங்க: "பசங்க ஓடுறதா இருந்தா சரியா அளந்திருப்பீங்க. பொண்ணுங்கதானேன்னு ஏனோதானோன்னு விட்டுட்டீங்க, இல்லையா சயா?" அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. கமிட்டி அவரை நிக்க வச்சுக் கேட்டப்பவும் அப்படித்தான் நின்னாரு. நீங்களும் இருந்தீங்க ஹாஜியார், அப்ப உங்க தாடி கருப்பு.

ருமானா சயாமா, இப்ப கேளுங்க. இதுக்குத்தான் இந்த மைக்கு.

வளைவு போட ஒரு அளவுக் கயிறு உண்டு. நடுவுல முளை அடிச்சு, கயிறைக் கட்டி, சுத்தி வந்தா வளைவு. கயிறு குட்டையானா வளைவு சின்னது. வளைவு சின்னதானா ஓட்டம் கம்மி. அந்த வருஷம் மாவ்பியிலேர்ந்து என் மச்சான் ரெண்டு வாத்து கொண்டாந்தான். கட்டக் கயிறு இல்ல. வாத்துக்கு ஒரு முழம்னு, அளவுக் கயிறுலேர்ந்து ரெண்டு முழம் வெட்டினவன் நான். இந்தச் செல்லையா! அந்த வாத்தைக் குழம்பு வச்சுச் சயாவுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தேன். நல்லாருக்குன்னு சாப்பிட்டாரு, பாவி மனுசன்!

அன்னைக்கு விடிகாலையில முளைக்குப் பக்கத்துல கயிறோட புது வெட்டைப் பார்த்தாரு. என்னையப் பார்த்தாரு. நான் மைதானத்து மூலையில தகரக் கொட்டகையில, பெண்டாட்டி, மூணு பிள்ளைங்களோட இருக்கேன். சொன்னா அன்னைக்கே வெளியில. "அளந்து பார்க்காதது நான். துறை என்னுது. தப்பும் என்னுது"ன்னாரு. அவ்வளவுதான்.

அலட்சியம் அவருக்கு இல்லம்மா. பொண்ணுங்கன்னு இளக்காரமும் இல்ல. அது வாத்து. ஆறு மீட்டரைத் தின்னது என் ரெண்டு வாத்து.

அப்பாடா! இது நெஞ்சுல எவ்வளவு கனம்னு இறக்கினப்புறம்தான் தெரியுது. திட்டுறதுன்னா திட்டுங்க ஹாஜியார், எழுபத்தோரு வயசுக்கு மேல என்ன வேலை போகப் போகுது? மூச்சு நல்லா வருது. சயா கூட... கொஞ்சம் முறைப்பு குறைஞ்ச மாதிரி இல்ல?

இன்னும் ஒண்ணு. அதுலேர்ந்து வருஷா வருஷம், போட்டிக்கு முந்தின வாரம், பேர் போடாம அதே கேள்வி டப்பாவுல விழும். "இந்த வருஷம் டிராக் நானூறு மீட்டரா?" எனக்கு எழுத்து முழுசாப் புரியாது, ஆனா கையெழுத்து புரியும். பர்மிய எழுத்து எல்லாம் வட்டம்தானே? இந்தக் கையில மட்டும் வட்டமெல்லாம் வளைவுல ஓடுறவங்க மாதிரி உள்பக்கம் சாஞ்சிருக்கும். யாருன்னு சயாவுக்கும் தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்ல. சீட்டைப் படிப்பாரு, டேப்பை எடுப்பாரு. ஒரு முனை அவரு, ஒரு முனை நான். பலகையில எழுதுவாரு: "நானூறு. அளந்தாச்சு." அந்தச் சீட்டு வந்த அன்னைக்கு மட்டும் மனுசன் சீட்டியடிச்சுக்கிட்டே நடப்பாரு.

இந்த வருஷச் சீட்டும் விழுந்திருக்கு. இதோ, என் சட்டைப் பையில. சயா ஆஸ்பத்திரியில இருந்தப்ப விழுந்தது. போட்டவங்களுக்குத் தெரியாது, கேக்குறதுக்கு ஆள் இருக்கும், பதிலுக்கு ஆள் இருக்காதுன்னு. இதுக்கு யார் பதில் எழுதுறது? நானா? நான் நானூறுன்னு எழுதினா நாப்பதா விழும்!

ஹாஜியார் சொல்லிட்டாரு, இந்த மாசத்துக்குள்ள ஆள் அமையலேன்னா துறையை மூடிடுவாங்களாம். ருமானா சயாமாவைக் கேட்டோம். "அவரு நாற்காலியில நான் உட்கார மாட்டேன்"னுட்டாங்க. நல்லதும்மா! உட்காரவே வேணாம். அவரு மட்டும் என்னைக்கு அதுல உட்கார்ந்தாரு? அதுல என் பூனைதான் தூங்குது!

இப்ப எல்லாரும் எழுந்திரிங்க. சயா போட்டோவுக்கு முன்னாடி உறுதி சொல்லுவோம். செல்லையாவாகிய நான், இனிமே எந்த வாத்துக்காகவும், எந்தக் கோழிக்காகவும்...

அம்மா! ருமானா சயாமா! நான் இன்னும் முடிக்கலையே! எங்க போறீங்க? எல்லாரும் எழுந்திரிங்கன்னுதான் சொன்னேன், போங்கன்னு சொல்லலையே! அம்மா!

போயிட்டாங்க. ஜன்னலோரம் இருக்கிறவங்க பார்த்துச் சொல்லுங்களேன். இடது பக்கம் திரும்பினா கேட்டு, பஸ் ஸ்டாப்பு. வலது பக்கம்னா மைதானம். எந்தப் பக்கம்? ஏங்க, எந்தப் பக்கம்?

வலதா? நல்லாப் பாருங்க! சாமான் ரூம் கதவைத் திறக்கிறாங்களா? கையில என்ன? வட்டமா, மஞ்சளா?

பாருங்க சயா, முறைக்காம பாருங்க! டேப்பு! இப்ப முளைக்குப் போறாங்க... தனியா இழுக்குறாங்க, இழுத்தா அந்த முனை நிக்காதே. அம்மா, ஒத்தை ஆளா அளக்க முடியாதும்மா! இருங்க, இன்னொரு முனைக்கு இதோ நான்...